ஒரு ஹெச்பி எங்கிருந்து வந்துச்சு? பாரம் இழுத்த குதிரைகளின் கதை

ஊர்ல போர்வெல் மோட்டார் வாங்கப் போனா கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ஹெச்பி வேணும்?" அஞ்சு, ஏழரை, பத்துன்னு நாமளும் சொல்லிடுவோம். முதல் வருஷ மெக்கானிக்கல் பேப்பர்ல ஒரு ஹெச்பின்னா 746 வாட்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருப்போம். ஆனா அந்த 'குதிரைத்திறன்'ல இருக்கிற குதிரை யாருன்னு யாரும் நமக்குச் சொல்லித் தரல.

அது மெரினா பீச்சில் சவாரிக்கு நிற்கிற குதிரை இல்லை. கிண்டியில் ரேஸ் ஓடுகிற குதிரையும் இல்லை. பாரம் இழுப்பதற்காகவே ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இழுவைக் குதிரை. ஆளுயரத் தோளும் ஒரு டன் எடையும் கொண்ட அந்த விலங்கோட கதையில மெக்கானிக்ஸ் இருக்கு, எகனாமிக்ஸ் இருக்கு. கடைசியில் நம்ம வேலைவாய்ப்பு பற்றிய ஒரு கேள்வியும் இருக்கு.

746 வந்த வழி

1780களில் ஜேம்ஸ் வாட்டுக்கு ஒரு மார்க்கெட்டிங் பிரச்சினை. சுரங்கத்தில் ஏற்கெனவே பழைய நீராவி இன்ஜின் வைத்திருந்தவர்களிடம் "இவ்வளவு நிலக்கரி மிச்சமாகும், அதில் ஒரு பங்கு எனக்குக் கொடு" என்று பேரம் பேச முடிந்தது. ஆனால் மதுபான ஆலைகளிலும் மாவு மில்களிலும் இன்ஜினே கிடையாது. குதிரைகள்தான் செக்கு மாதிரி வட்டமடித்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த முதலாளிகள் கேட்டது ஒரே கேள்வி: "உன் மெஷின் என்னுடைய எத்தனை குதிரைக்குச் சமம்?"

வாட் போட்டதாகச் சொல்லப்படும் கணக்கு இது. குதிரை சுற்றுகிற வட்டத்தின் ஆரம் 12 அடி. நிமிடத்துக்கு 2.4 சுற்று. இழுவிசை 180 பவுண்டு. வட்டத்தின் சுற்றளவு சுமார் 75.4 அடி. அதை 2.4 ஆலும் 180 ஆலும் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,570 அடி-பவுண்டு வரும். அதை 33,000 என்று முழுமையாக்கினார். நம்ம அலகுக்கு மாற்றினால் அதுதான் 746 வாட்.

இது நிஜமா? சரிபார்ப்போம். ஒரு நல்ல இழுவைக் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், நாள் முழுக்க இழுக்கும் என்பது பழைய விவசாயக் கையேடுகளின் கணக்கு. எடை 725 கிலோ என்று வைத்துக்கொண்டால் இழுவிசை 72.5 கிலோ, அதாவது சுமார் 711 நியூட்டன். வேகம் விநாடிக்கு 1.11 மீட்டர். பெருக்கினால் 790 வாட். ஒரு ஹெச்பிக்குக் கொஞ்சம் மேலே. வாட் பெருசா ஒண்ணும் அடிச்சு விடல.

இங்கே 'நாள் முழுக்க' என்பதுதான் முக்கியம். 1920களில் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கண்காட்சியில் இழுவைப் போட்டியில் எடுத்த அளவுகளை வைத்து, 1993ல் ஸ்டீவன்சன், வாசர்சக் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். சில விநாடிகளுக்கு மட்டும் ஒரு குதிரை கிட்டத்தட்ட 15 ஹெச்பி வரை கொடுத்திருக்கிறது! மோட்டாரில் தொடர் திறன் வேறு, உச்சத் திறன் வேறு என்று படிக்கிறோமே, அதேதான். சேற்றில் சிக்கிய வண்டியை ஒரு மூச்சில் வெளியே இழுக்கிற அந்த உச்சத் திறனை ஒரு ஹெச்பி மோட்டாரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு உடம்பு

ரேஸில் ஓடும் தரோபிரெட் குதிரை 450 முதல் 500 கிலோ இருக்கும். இழுவைக் குதிரை சாதாரணமாகவே 700 கிலோவைத் தாண்டும். பெரிய ஆண் குதிரைகள் ஒரு டன்னைத் தொடும். முக்கியமான இனங்களை மட்டும் பார்ப்போம்.

ஷையர்: இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. உயரத்தில் இதுதான் ராஜா. தோள்மேடு வரைக்குமே 170 செ.மீ.க்கு மேல் இருக்கும். கணுக்காலைச் சுற்றி நீண்ட முடி தொங்கும். 1846ல் பிறந்த சாம்சன் என்ற ஷையர் சுமார் 219 செ.மீ. உயரம் வளர்ந்தது. பதிவான குதிரைகளிலேயே மிக உயரமானது அதுதான்.

கிளைட்ஸ்டேல்: ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்கு. காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற நடைக்குப் பேர் போனது. பட்வைசர் பீர் விளம்பரத்தில் வண்டி இழுக்கிறதே, அதே இனம்தான். அந்தக் கம்பெனி 1933லிருந்து அவற்றை வைத்திருக்கிறது.

பெர்ஷெரான்: பிரான்ஸின் பெர்ஷ் பகுதி. பெரும்பாலும் சாம்பல் அல்லது கறுப்பு நிறம். அமெரிக்க விவசாயிகளின் செல்லப்பிள்ளை. 1930ல் அங்கே கணக்கெடுத்தபோது கலப்பில்லாத இழுவைக் குதிரைகளில் சுமார் 70 சதவீதம் இதுதான்.

பெல்ஜியன்: பிராபான்ட் என்றும் பெயர். அகலமான மார்பு, குட்டையான கழுத்து, மலை மாதிரி பின்பக்கம். எடைப் போட்டி வைத்தால் இதுதான் ஜெயிக்கும்.

சஃபோக் பஞ்ச்: இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம். எல்லாக் குதிரையும் செம்பழுப்பு நிறம், வேறு நிறமே கிடையாது. இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சஃபோக்கும் 1768ல் பிறந்த ஒரே ஓர் ஆண் குதிரையின் வழியில் வந்தது. காலில் நீள முடி இருக்காது. அந்த ஊர் மண் ஒட்டுகிற களிமண். முடி இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும், கழுவி மாளாது. அதனால் முடியில்லாத காலையே விவசாயிகள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். மண்ணுக்கு ஏத்த டிசைன்.

குட்டைக் காலுக்கும் காரணம் உண்டு. பாரம் பின்னால் இழுக்கும் விசை, தோள் உயரத்தில் வேலை செய்கிறது. உயரம் கூடக் கூட அந்தத் திருப்புத்திறன் குதிரையின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அதிக பாரம் கட்டிய டிராக்டரின் முன்சக்கரம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். குதிரை இதை எப்படிச் சமாளிக்கிறது? தலையைத் தாழ்த்தி உடம்பை முன்னே சாய்க்கிறது. ஈர்ப்பு மையம் முன்னால் நகர்கிறது. யாரும் ஃப்ரீ பாடி டயக்ராம் போட்டுக் காட்டாமலே அதுக்குத் தெரியுது.

கழுத்தில் கட்டுவதா, தோளில் மாட்டுவதா

நம்ம ஊர் மாட்டுக்கு நுகத்தடி போதும். திமில் இருக்கிறதால் நுகம் அதன் முன்னால் வாகாக உட்கார்ந்துகொள்ளும். குதிரைக்குத் திமில் கிடையாது. நுகத்தை வைத்தால் நிற்காது. கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டினால் இழுக்க இழுக்க மூச்சுக்குழாய் அழுந்தும்.

இதற்குத் தீர்வுதான் காலர். உள்ளே வைக்கோல் திணித்த, முட்டை வடிவத் தோல் வளையம். அது தொண்டையைத் தொடாது, தோள்பட்டை எலும்புகளின் மேல் உட்காரும். அப்புறம் குதிரை 'இழுப்பதில்லை', உண்மையில் தோளால் காலரைத் தள்ளுகிறது. பின்னங்காலின் முழு பலமும் பாரத்துக்குப் போய்ச் சேரும். சீனாவில் முதலில் வந்த இந்த அமைப்பு, ஐரோப்பாவில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வாக்கில் பரவியது. அதன் பிறகுதான் அங்கே உழவில் மாட்டின் இடத்தைக் குதிரை மெல்ல மெல்லப் பிடித்தது.

இதில் ஓர் ஆராய்ச்சிச் சண்டையும் உண்டு. லெஃபெவ்ர் தெ நொயெட் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்துப் பட்டை செய்து, குதிரையில் கட்டிச் சோதித்தார். பழங்கால ரோமானியப் பட்டைகள் குதிரையின் கழுத்தை நெரித்தன, அதனால் அவர்களால் கனமான பாரம் இழுக்க முடியவில்லை என்றார். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லின. 1970களில் ஸ்ப்ரூயிட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் மறுபடியும் செய்து பார்த்தார். நொயெட் இரண்டு வெவ்வேறு பட்டை வகைகளை ஒன்றாகக் கலந்துவிட்டார், சரியாகச் செய்த பழங்காலப் பட்டை அவ்வளவு நெரிக்கவில்லை என்று காட்டினார். ப்ரோட்டோடைப் தப்பா இருந்தா ரிசல்ட்டும் தப்பாத்தான் வரும். ப்ராஜெக்ட் பண்றவங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

வைப்பரில் ஒளிந்திருக்கும் குதிரைவண்டி

இரண்டு குதிரை பூட்டும்போது ஒன்று முன்னே, ஒன்று பின்னே போகும். முழு பாரமும் முன்னே போகிற குதிரை மேல் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? விப்பிள்ட்ரீ என்ற ஒரு கட்டையால். கட்டையின் நடுவில் ஊசி போட்டு வண்டியோடு இணைப்பார்கள். இரண்டு முனைகளிலும் இரண்டு குதிரைகளின் இழுவைச் சங்கிலிகள். ஊசியைச் சுற்றித் திருப்புத்திறன் சமமாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டு குதிரையும் எப்போதும் சமமாகத்தான் இழுத்தாக வேண்டும். ஒருத்தன் ஓபி அடிக்க முடியாது.

ஒரு குதிரை இளசு என்றால்? ஊசியை நடுவிலிருந்து நகர்த்தினால் போதும். 100 செ.மீ. கட்டையில் இளங்குதிரை பக்கம் 55, பெரிய குதிரை பக்கம் 45 என்று வைத்தால், இளசுக்கு 45 சதவீத பாரம், பெரியவனுக்கு 55. கை நீளமான பக்கத்தில் விசை குறைவு. எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடம், அவ்வளவுதான்.

இந்தக் கட்டை செத்துப் போகவில்லை. மழைநாளில் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடி வைப்பரைக் கவனியுங்கள். ஒரு வளைவுக்கு அடியில் இரண்டு, அதற்கடியில் நாலு என்று கிளை பிரிந்து ரப்பரை ஒரே அழுத்தத்தோடு கண்ணாடியில் பதிக்கிற பழைய மாடல் வைப்பர் முழுக்க முழுக்க விப்பிள்ட்ரீ. விமான இறக்கையின் வலிமையைச் சோதிக்கும்போது ஒரே ஜாக்கின் விசையை இறக்கை முழுக்கப் பல புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் இதே அமைப்புதான். ஏரோ டிபார்ட்மென்ட் லேபிலும் குதிரைவண்டிக்காரர் உட்கார்ந்திருக்கார்.

திங்கட்கிழமை நோய்

உழைக்கும் ஒரு கனத்த குதிரைக்கு நாளுக்கு 15 முதல் 18 கிலோ வரை காய்ந்த புல்லும் ஓட்ஸும் வேண்டும். டிராக்டரை ஷெட்டில் நிறுத்தினால் டீசல் குடிக்காது. குதிரை ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடும்.

அங்கேதான் சிக்கலும் வந்தது. ஞாயிறு முழுக்க ஓய்வு, ஆனால் தீவனம் மட்டும் வேலைநாள் அளவுக்கே. திங்கட்கிழமை காலை பூட்டினால், கொஞ்ச தூரம் போனதும் குதிரைக்குப் பின்தசைகள் கட்டிபோல இறுகி, வியர்த்து, சிறுநீர் கறுத்து, நகர முடியாமல் நின்றுவிடும். சில குதிரைகள் செத்தும் போயின. 'திங்கட்கிழமை காலை நோய்' என்றே இதற்குப் பெயர். (நமக்கும் இருக்கு, அது வேற.) 2008ல் இதன் ஒரு காரணம் மரபணுவில் பிடிபட்டது. தசையில் சர்க்கரையைச் சேமிக்கும் நொதியைத் தேவைக்கு மேல் வேலை செய்ய வைக்கும் ஒரு மாற்றம் அது. பெல்ஜியன், பெர்ஷெரான் குதிரைகளில் இது அதிகம். சக்திக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும்போது, கூடவே கேட்காத ஒன்றும் வந்து சேர்ந்தது.

ரயில் வந்தது, குதிரை கூடியது

இதுதான் இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த பகுதி. நீராவி இன்ஜின் வந்ததும் குதிரைக்கு வேலை போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? மில்லைச் சுற்றிய குதிரைக்குப் போனது உண்மை. 1785ல் லண்டனில் விட்பிரெட் மதுபான ஆலையில் குதிரைச் சக்கரத்தின் இடத்தில் வாட் இன்ஜின் வந்தது. அந்த இன்ஜின் இன்று சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் மொத்தத்தில் நடந்தது தலைகீழ். ரயில் ஸ்டேஷன் வரை சரக்கைக் கொண்டுவந்தது. அங்கிருந்து கடைக்கும் வீட்டுக்கும் யார் கொண்டு போவது? குதிரை. இன்ஜினுக்குப் போடும் நிலக்கரியை ஊருக்குள் விநியோகிப்பது? குதிரை. ரயில் எவ்வளவு சரக்கு கொண்டுவந்ததோ, அவ்வளவுக்கு வண்டிக்குதிரையும் தேவைப்பட்டது. ரயில் கம்பெனிகளே ஆயிரக்கணக்கில் குதிரை வைத்திருந்தன. இனங்களுக்கான சங்கங்கள் தொடங்கிய ஆண்டுகளைப் பாருங்கள்: கிளைட்ஸ்டேல் 1877, சஃபோக் 1877, ஷையர் 1878, பெர்ஷெரான் 1883. எல்லாமே நீராவி உச்சத்தில் இருந்த காலம். இழுவைக் குதிரையின் பொற்காலமும் அதுதான்.

எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பது 1872ல் தெரிந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கனடாவின் டொரண்டோ பகுதியில் கிளம்பிய குதிரைக் காய்ச்சல் சில வாரங்களில் அமெரிக்காவின் கிழக்கு நகரங்களை எட்டியது. பெரும்பாலான குதிரைகள் பிழைத்துக்கொண்டன, ஆனால் நிற்கத்தான் முடிந்தது, இழுக்க முடியவில்லை. தெருவில் டிராம் இல்லை, துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. நவம்பர் 9ஆம் தேதி மாலை பாஸ்டன் நகரில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டியைக் குதிரைக்குப் பதிலாக மனிதர்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். குறைந்த நீரழுத்தம், குறுகிய தெரு, மரக்கூரை என்று மற்ற காரணங்களும் சேர்ந்து 770க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. நகரம் முழுக்க ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த ஒன்று படுத்ததும் எல்லாம் படுக்கும். சர்வர் டவுன் ஆகிறதும் இப்படித்தான்.

டிராக்டர்

பெட்ரோல் இன்ஜின் சிறியது, தெருவுக்குள்ளும் வயலுக்குள்ளும் நுழையும். ஆகவே நீராவி விட்டுவைத்த கடைசி மைலையும் அது எடுத்துக்கொண்டது. ஃபோர்டு கம்பெனி 1917ல் ஃபோர்ட்சன் டிராக்டரைக் கொண்டுவந்தது. சுமார் 20 ஹெச்பி. 1922ல் விலை 395 டாலருக்கு இறங்கியது.

அதே நேரத்தில் முதல் உலகப்போர் லட்சக்கணக்கான குதிரைகளைத் தின்று தீர்த்திருந்தது. பிரிட்டனின் 18 பவுண்டர் பீரங்கி ஒன்றை இழுக்க மட்டும் ஆறு குதிரை வேண்டும். வயலிலிருந்து போன குதிரைகளில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை.

அமெரிக்காவில் 1915 வாக்கில் சுமார் 2.6 கோடி குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. அறுவடை நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அவற்றின் தீவனத்துக்கே போனது. 1960ல் எண்ணிக்கை சுமார் 30 லட்சம். நாற்பத்தைந்தே வருஷம். தீவன நிலம் மனிதருக்கு உணவு விளைகிற நிலமானது என்பது நல்ல செய்திதான். ஆனால் விற்கப்பட்ட குதிரைகளில் பல நேராக இறைச்சிக் கூடத்துக்குப் போயின என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சஃபோக் இனத்தில் 1966ல் பதிவான குட்டிகள் மொத்தம் ஒன்பது. ஒன்பதே ஒன்பது! ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கூடப் பத்தாது.

இன்னும் யார் வேலைக்குப் போகிறார்கள்?

ஆர்வலர்கள் விடாமல் பிடித்ததால் சஃபோக் இன்றும் இருக்கிறது, ஆனால் இன்னும் ஆபத்தான பட்டியலில்தான். ஒரே முன்னோரிலிருந்து வந்த சின்னக் கூட்டம் என்பதால் எந்த ஜோடியை இணைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வேலை முழுக்க நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் இன்றும் பெல்ஜியன், பெர்ஷெரான் குதிரைகளால் உழுகிறார்கள். ஐரோப்பியக் காடுகளில் வெட்டிய மரத்தை வெளியே இழுக்கக் குதிரை பயன்படுகிறது. கனரக வண்டி போனால் மண் இறுகி, இளங்கன்றுகள் நசுங்கும். குதிரை மரங்களுக்கு நடுவில் வளைந்து போய்விடும். பெல்ஜியத்தின் ஊஸ்ட்டுயின்கெர்கெ கடற்கரையில் பிராபான்ட் குதிரைகள் மார்பளவு கடல்நீரில் நடந்து இறால் வலை இழுக்கின்றன. 2013ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டிஷ் அரச குதிரைப்படையில் வெள்ளி முரசு சுமப்பதும் இந்தக் கனத்த இனக் குதிரைகள்தான்.

சரி, நமக்கு என்ன?

வாசிலி லியோன்டிஃப் என்ற பொருளாதார அறிஞர், 1973ல் நோபல் பெற்றவர், 1980களிலேயே ஒரு ஒப்பீடு செய்தார். உற்பத்தியில் குதிரையின் பங்கை டிராக்டர் முதலில் குறைத்து, பிறகு இல்லாமலே ஆக்கியது போல, கம்ப்யூட்டர் யுகத்தில் மனித உழைப்புக்கும் நடக்கலாம் என்றார். ஏஐ பற்றிப் பேசும்போது இன்று இந்த ஒப்பீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்குக் கேட்கவே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

குதிரைக் கதையை முழுசாப் பார்த்தால் அதில் இரண்டு பாடம் தெரிகிறது. முதலாவது, ஒரு புது மெஷின் நம்முடைய வேலையோடு சேர்ந்து ஓடுகிறதா, நம் வேலையையே எடுத்துக்கொள்கிறதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ரயில் முதல் வகை, டிராக்டர் இரண்டாம் வகை. ரயில் வந்து ஐம்பது வருஷம் குதிரைக்கு வேலை கூடியதை வைத்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று 1900ல் ஒருவர் சொல்லியிருந்தால் அவர் தவறாகப் போயிருப்பார். இரண்டாவது, குதிரையால் வேறு வேலை கற்றுக்கொள்ள முடியாது. சங்கம் வைக்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, மிச்சமான லாபத்தில் பங்கு கேட்க முடியாது. நம்மால் இது எல்லாமே முடியும். முடியும் என்பதால் தானாக நடந்துவிடும் என்று அர்த்தமில்லை. அதைச் செய்ய வேண்டியது நாமதான்.

அடுத்த தடவை மோட்டார் பலகையில் ஹெச்பி என்று பார்த்தால், அது ஒரு காலத்தில் வியர்த்து, சாப்பிட்டு, திங்கட்கிழமை முடியாமல் நின்ற ஓர் உயிரின் அளவு என்பது ஞாபகம் வரட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு: மூன்று குதிரைகள், மூன்றும் சம பலம். 120 செ.மீ. நீள முதன்மைக் கட்டையின் ஒரு முனையில் ஒரு குதிரை. மறு முனையில், நடுவில் ஊசி போட்ட சின்னக் கட்டை வழியாக இரண்டு குதிரைகள். மூன்றும் சமமாக இழுக்க, முதன்மைக் கட்டையில் ஊசியை ஒற்றைக் குதிரையிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளிப் போட வேண்டும்? விடை கண்டுபிடிச்சவங்க ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க. கால்குலேட்டர் தேவைப்படாது, நாலு கோடு போட்டாப் போதும்.